முன்பல் இரண்டு

குழந்தை பிறந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றியிருந்ததைக் கையில் வாங்கிய, குழந்தையின் அப்பாவுக்கு அக்கா, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்பனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு!” என்றாள். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எதை உரித்து வைத்திருக்கிறது? குனிந்து, அழுகிற வாய்க்குள் எட்டிப் பார்த்தார். வெறும் ஈறு. அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

அவருக்கு எத்துப்பல். மேல்வரிசை முன்பல் இரண்டும் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து நிற்கும். உதட்டை மூட வேண்டுமென்றால் முகத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடித்தால் யார் மேலோ கோபமாக இருப்பதுபோல் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் ‘துருவி’. தேங்காய்த் துருவி என்பதன் சுருக்கம். வருகைப் பதிவு எடுத்த வாத்தியார் ஒருநாள் வாய் தவறி அந்தப் பெயரையே சொல்லிக் கூப்பிட, வகுப்பு கொல்லென்று சிரித்தது. அன்றைக்கு வாய்க்கு முன்னால் போன வலது கை அப்புறம் இறங்கவே இல்லை. பேச்சுக்கு, சிரிப்புக்கு, கொட்டாவிக்கு, எல்லாவற்றுக்கும் கை குறுக்கே வந்துவிடும். வயது வந்ததும் மீசை வளர்த்துப் பார்த்தார். பல்லுக்கு மேல் கூரை வேய்ந்த மாதிரி ஆனதுதான் மிச்சம்.

வேலையும் பல்லுக்குத் தோதாகவே அமைந்தது. மின் புகார் அலுவலகத்தில் டெலிபோன் கிளார்க். மாடியில் ஒரு சின்ன அறை, இரண்டு போன், சுவரில் தெருவாரியாக மின்பாதை வரைந்த பெரிய படம். கரண்ட் போனவர்கள் கத்துவார்கள். இவர் கதவிலக்கம் கேட்டு, எதிர்வீட்டில் விளக்கு எரிகிறதா என்று விசாரித்து, லைன்மேனுக்குச் சொல்லிவிட்டு, “முக்கால் மணி நேரத்துல வந்துடும், கவலைப்படாதீங்க” என்பார். கனத்த, நிதானமான குரல். திட்ட ஆரம்பித்தவர்கள்கூட பாதியில் அடங்கிவிடுவார்கள்.

ஒருமுறை அந்தக் குரலைத் தேடிக்கொண்டு ஒரு அம்மாள் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். அவர் வீட்டில் மூச்சுக்கருவியோடு ஒரு நோயாளி இருந்தார். மின்சாரம் போன அன்று கிளார்க் லைனிலேயே இருந்து, ஆள் அனுப்பி, சரியாகும் வரை அம்மாளுக்குத் தைரியம் சொல்லியிருந்தார். நன்றி சொல்ல வந்த அம்மாள், “அந்த நல்ல குரல் சார் யாரு?” என்று கேட்டார். கிளார்க் கையை வாய்க்குக் கொண்டுபோய், குரலைக் கீச்சென்று மாற்றி, “அவர் இன்னிக்கு லீவு” என்று சொல்லி அனுப்பிவிட்டார். பக்கத்தில் நின்ற லைன்மேன், “ஏன் சார், உங்க மேல உங்களுக்கே இவ்வளவு பகையா?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். பேச்சில் சுளீரென்று இருக்கும். “பொண்ணு பார்க்க வந்தப்போ முதல்ல கண்ணுல பட்டது உங்க பல்லுதான். அதுக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்காருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆளு பிடிச்சுப்போச்சு, விடுங்களேன்” என்பாள். அவரால்தான் விட முடியவில்லை.

பிறந்தது பெண் குழந்தை; பேச்சு சீக்கிரமே வந்தது. வந்தது நிற்கவே இல்லை. வீட்டில் அவளுக்கு ‘வாயாடி’ என்றே பெயர். பால்பற்கள் வரிசை தப்பாமல், சிறிதும் முன்னே வராமல் முளைத்தன. கிளார்க்குக்கு ஐந்து வருஷம் நிம்மதி. ஆனால் இதெல்லாம் விழுந்து வேறு பல் வரும், அசல் அதுதான் என்பது அவருக்குத் தெரியும். தன்னுடைய பால்பற்களும் ஒழுங்காகத்தான் இருந்தன என்று அக்கா சொல்லியிருந்தாள்.

ஆறரை வயதில் வாயாடியின் மேல் முன்பல் ஆட ஆரம்பித்தது. அவள் அதை நாக்கால் தள்ளித் தள்ளித் தெருவெல்லாம் காட்டினாள். விழுந்ததும், ஓட்டை வழியாகக் காற்று விட்டுச் சீட்டி அடித்தாள். கிளார்க்குக்குக் காலையில் எழுந்ததும் முதல் வேலை, டார்ச்சை எடுத்துவந்து, “ஆ காட்டு” என்பது. ஈறு தடித்திருக்கிறதா, வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு விரலை வைத்து மெல்லத் தடவிப் பார்ப்பார். வேலையில் போன் அடிக்கும்போதும் அந்த ஈறுதான் கண்முன் நிற்கும். கதவிலக்கத்தை மாற்றி எழுதி, லைன்மேன் தப்பான வீட்டுக்குப் போய் நின்றதும் உண்டு.

புதுப்பல் வந்தது. பால்பல்லைப்போல இரண்டு மடங்கு அகலம். விளிம்பு ரம்பம்போலச் சின்னச் சின்ன மேடாக இருந்தது. அதைப் பார்த்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

“என்னடி இது, அரம் மாதிரி இருக்கு?”

“எல்லாப் பிள்ளைக்கும் புதுப்பல்லு அப்படித்தாங்க வரும். போகப்போகத் தேஞ்சிடும்” என்றாள் மனைவி.

“அகலத்தைப் பாரு.”

“முகம் இன்னும் வளரணும், பல்லு முதல்லயே வளர்ந்துடுச்சு. அந்த டார்ச்சை அணைங்க, அவ பள்ளிக்கூடம் போகணும்.”

அவர் அணைக்கவில்லை. இரண்டாவது பல்லும் எட்டிப் பார்த்தபோது, அது கொஞ்சம் முன்னால் சாய்ந்திருப்பதாக அவருக்குப் பட்டது. மறுநாள் இல்லை என்று பட்டது. அதற்கு மறுநாள் நிச்சயமாகச் சாய்ந்திருந்தது. வாயாடி கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல், வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றாள். அவள் இப்போதெல்லாம் அந்த நேரத்தில் எதுவும் பேசுவதில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து வகுப்பு டீச்சர் கூப்பிட்டார். முடிந்தால் நாளைக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள் என்றார். என்ன ஏது என்று சொல்லவில்லை. ஆரம்பித்துவிட்டார்கள், பெயர் வைத்துவிட்டார்கள் என்று கிளார்க் நினைத்தார். என்ன பெயராக இருக்கும்?

டீச்சரின் மேஜைமேல் நோட்டுகள் அடுக்கியிருந்தன. அவர் நடுவயதுக்காரர், சுற்றி வளைக்காமல் பேசினார்.

“சார், உங்க பொண்ணு முன்னெல்லாம் வாய் மூடாம பேசுவா. இப்ப ஒரு மாசமா வாயே திறக்கறதில்லை. படிக்கச் சொன்னா எழுந்து நின்னு இப்படி வெச்சுக்கறா.” டீச்சர் தன் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக் காட்டினார்.

“யாராவது கிண்டல் பண்றாங்களா டீச்சர்?” என்று கிளார்க் கேட்டார்.

டீச்சர் அவரைப் பார்த்தார். அவர் வாய்க்கு முன்னால் இருந்த கையைப் பார்த்தார். உடனே கண்ணை நோட்டுகளின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நானும் அப்படித்தான் நினைச்சேன். விசாரிச்சுப் பார்த்தேன். இந்த வகுப்புல பாதிப் பேருக்கு முன்பல்லே கிடையாது சார். யாரை யார் கிண்டல் பண்றது? அவளையே கேப்போம்.”

வாயாடி வந்து, அப்பாவைக் கண்டதும் பயந்துபோய் நின்றாள். டீச்சர் பக்கத்தில் இழுத்து, “வாய்க்குக் கை ஏம்மா போகுது? யாராவது ஏதாவது சொன்னாங்களா?” என்றார்.

“இல்லை டீச்சர்.”

“பின்னே?”

“பெரிய பல்லு வந்துடுச்சுல்ல. அப்பா இப்படித்தான் வெச்சுக்கறாரு.” கண் கலங்கியது. “அப்பா தினமும் டார்ச் அடிச்சுப் பார்க்கறாரு. எனக்கு என்னமோ தப்பா முளைச்சிருக்கு. என்னன்னு சொல்ல மாட்டேங்கறாரு.”

கிளார்க் கையை இறக்கினார். இறக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில் இரண்டு தெரு நடந்தார்கள். பிறகு நின்று, “உனக்கு ஒண்ணும் தப்பா முளைக்கலைம்மா” என்றார்.

“அப்ப ஏன் பார்க்கறே?”

“பயத்துல பார்த்தேன். எனக்கு வந்த மாதிரி வந்துடுமோன்னு.”

அவள் அண்ணாந்து அவர் வாயையே பார்த்தாள். “வந்தா வலிக்குமா?”

“வலிக்காது.”

அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அவருக்கும் போதவில்லை.

அன்றைக்கே டார்ச்சை மனைவியிடம் கொடுத்துவிட்டார். கைதான் பேச்சைக் கேட்கவில்லை. பெண் எதிரில் வாயைக் கையால் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். “சாப்பாட்டை நான் ஊட்டணுமா?” என்றாள் மனைவி. வாயாடி சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வர, கை தானாகப் பிய்த்துக்கொண்டு மேலே போயிற்று. பாதி வழியில் பிடித்து நிறுத்தினார். முப்பது வருஷமாக யாரும் அவரைத் துருவி என்று கூப்பிடவில்லை. அப்படியும் கை இன்னும் யாருக்கோ பயந்துகொண்டிருந்தது.

அந்த வாரமே பல் டாக்டரிடம் போனார்கள். இளம் டாக்டர். வாயாடியின் வாயைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் முன்னாடி வரலாம். வராமலும் போகலாம். பதினோரு வயசுல பார்த்துக்கலாம், இப்ப ஒரு அவசரமும் இல்லை” என்றார். பிறகு கிளார்க்கைப் பார்த்து, “உங்களுக்கும் கம்பி போடலாம் சார். இந்த வயசுலயும் நல்லாவே உள்ளே வரும்” என்றார்.

எத்தனையோ வருஷமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிய வார்த்தை. இப்போது கேட்டதும் பயம்தான் வந்தது. பல்லைச் சரிசெய்துகொண்டால், அது சரிசெய்ய வேண்டிய குறைதான் என்று பெண் நினைத்துக்கொள்வாளே. செய்யாவிட்டால் இந்தக் கை? மூன்று நாள் இதையே மனைவியிடம் புலம்பினார். நான்காவது நாள் அவள் சொன்னாள்: “உங்க வாய், உங்க பல்லு. போட்டாலும் பொண்ணுக்காகப் போட்டேன்னு சொல்லாதீங்க. போடலைன்னாலும் பொண்ணுக்காகப் போடலைன்னு சொல்லாதீங்க. அந்தச் சுமையை அவ தலையில ஏத்தாதீங்க.” அவர் எந்த முடிவும் எடுக்கவில்லை. டாக்டர் கொடுத்த சீட்டு அலமாரியில் கிடந்தது.

அப்போதுதான் டீச்சரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் வாரம் ஒருவராக வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேச வேண்டுமாம். அடுத்த வாரம் அவருடைய முறை. வேறு யாரையாவது போடச் சொல்லலாமா என்று போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். “அப்பா வரமாட்டாரு, அவருக்கு வேலை இருக்கும்” என்று வாயாடி அம்மாவிடம் சொல்வது காதில் விழுந்தது. குரலில் வருத்தம் இல்லை. அப்பாவைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. போனை வைத்துவிட்டார்.

அலுவலகத்திலிருந்து ஒரு பழைய டெலிபோனையும், எரிந்துபோன ஃபியூஸ் கட்டை ஒன்றையும் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு கைக்கும் வேலை வேண்டுமல்லவா? முப்பது பிள்ளைகள். முதல் இரண்டு வரிசை வாயில் பல்லே இல்லாமல் சிரித்தது. அவர் டெலிபோனை இறுகப் பிடித்துக்கொண்டு, வீட்டில் கரண்ட் போனால் முதலில் என்ன பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தார். நாலு வாக்கியம் போனதும் ஒரு பையன் எழுந்தான்.

“சார், உங்க பல்லு ஏன் அப்படி இருக்கு?”

டீச்சர் பாய்ந்து எழுந்தார். வாழ்நாள் முழுக்க எந்தக் கேள்விக்குப் பயந்து ஒளிந்தாரோ, அது நேருக்கு நேர் வந்து நின்றது. கையிலிருந்த டெலிபோனை அவர் கீழே வைக்கவில்லை.

“அப்படித்தான் வளர்ந்துச்சு” என்றார்.

“ஓ” என்று பையன் உட்கார்ந்துவிட்டான். அதற்குள் அடுத்தவன் கையைத் தூக்கி, “இடி இடிச்சா போன்ல ஷாக் அடிக்குமா?” என்று கேட்டான். அவர் வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து வாயாடி, “இடி அடிக்காது, மின்னல்தான் அடிக்கும்! அதுவும் கம்பி போட்ட போனுக்குத்தான் பயம்” என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். அப்புறம் அவளை அடக்குவதே டீச்சருக்கு வேலையாகப் போயிற்று.

இதனால் கிளார்க்கின் பயம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். அவர் கம்பி போட்டுக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் ஒழுங்காகப் பதில் வராது. வாயாடியின் முன்பற்கள் பத்து வயதுக்குள் கொஞ்சம் முன்னால்தான் வந்தன, அவருடையதில் பாதியளவு. பதினோரு வயதில் கம்பி வேண்டும் என்று அவளே கேட்டாள், போட்டார்கள். எட்டு மாதம் கழித்து, குத்துகிறது, பேச முடியவில்லை, போதும், எடுத்துவிடுங்கள் என்றாள். இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் முழுசாக உள்ளே போய்விடும் என்று டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

“இவ்வளவு போதும் டாக்டர்.”

கிளார்க் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பின்னால் வருத்தப்படுவாளோ, காலேஜில் யாராவது ஏதாவது சொல்வார்களோ, நாம் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டுமோ என்று சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். வாயாடி கம்பி எடுத்த அன்று சாயங்காலம், எட்டு மாதமாகத் தொடக்கூடாது என்று வைத்திருந்த கடினமான மிட்டாய்களாக வாங்கி வந்து, தோழியோடு போனில் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள்.