சுடோகுவில் காலியாக இருந்த இடப்பக்கம்

அதைத்தான் சொல்ல வந்தேன் கேளுங்கள், இந்த சுடோகு எனக்கே புரிந்துவிட்டது. கட்டத்தில் மவுஸை வைத்து எண்ணைத் தட்ட வேண்டும். குறுக்கே, நெடுக்கே, சின்னச் சதுரத்துக்குள்ளே, ஒன்று முதல் ஒன்பது வரை எதுவும் இரண்டு முறை வரக் கூடாது.

போன மாதம் என் வீட்டுக்காரருக்கு லேசான பக்கவாதம். கை கால் தேறிவிட்டது. மூளைக்கு வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர். அதனால் இன்று மகள் செல்வி அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். துறைமுகத்தில் முப்பது வருஷம் கண்டெய்னர் நம்பர் எழுதிய மனிதர். மளமளவென்று தட்டினார்.

"முட்ச்சிட்டேன் மே!"

இடப்பக்கம் மொத்தமும் காலி.

"இன்னாங்க வெள்ளாடுறீங்களா? இந்தாண்ட அப்டியே கீது!"

"எங்க கீது? சும்மா பேஜார் பண்ணாத."

செல்வி திரையின் இடது ஓரத்தில் விரலை வைத்தாள். "நைனா, என் வெரல் தெரியுதா?"

"இன்னா வெரலு?"

அவள் அவர் முகத்தை மெல்ல இடப்பக்கம் திருப்பினாள். "அட, இங்கயும் கீதே!" என்று சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

டாக்டருக்குப் போன் போட்டோம். கண் நன்றாகத்தான் இருக்கிறதாம். மூளைதான் இடப்பக்கத்தைக் கவனிக்க மறந்துவிட்டதாம். வடிவுடையம்மா, தாயே!

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்து சரியானதுண்டா? இருந்தால் எழுதுங்கள்.

ஐயோ, இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. என் பூஜைக்குப் பூ வாங்க, கண்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் ரோட்டைத் தாண்டி, தினமும் காலையில் அவரைத்தானே தனியாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.