பாய் கடையில் காணாமல் போன முடிவுகள்

ராயபுரம் பாலத்தடியில் ஒரு பழைய புத்தகக் கடை இருக்கிறது. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாவலைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டு போகலாம், அதுதான் அங்கே வழக்கம். நானும் என் சிநேகிதியும் அப்படித்தான் துப்பறியும் கதைகளாகப் படித்துத் தள்ளினோம். கொலை இல்லாத புத்தகம் எங்கள் கண்ணிலேயே படாது.

அவள் காசிமேட்டுக்காரி. அப்பாவுக்குக் கடல் தொழில். கிழிந்த வலையைத் தைத்து முடிச்சுப் போட அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். எந்த நாவலையும் முதலில் அவள் படிப்பாள், பிறகு நான். கடைசி அத்தியாயத்துக்கு நான் வந்ததும் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, கொலைகாரன் யார் என்பதை அவளே சொல்வாள். கடலோரக் கருங்கல் மேல் உட்கார்ந்து, கண்ணை உருட்டி, குரலை இறக்கிச் சொல்வாள். கதை எழுதியவரே கேட்டிருந்தாலும் வாயைப் பிளந்திருப்பார்.

பிறகு அவர்கள் குடும்பத்துக்கு எர்ணாவூர் அரசாங்கக் குடியிருப்பில் வீடு ஒதுக்கினார்கள். பக்கத்து ஊர்தான். ஆனால் ஹார்பருக்குப் போகும் லாரி வரிசைக்கு நடுவே பஸ் ஊர்ந்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசைக்கு மட்டும் ராயபுரம் வருவாள். பூசை முடிந்ததும் பாய் கடையில் புத்தகத்தை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். எனக்கோ திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் பில் போடும் வேலை. ஞாயிறும் அங்கேதான் கழியும். சாயங்காலம் வந்து, அவள் போனில் சொன்ன புத்தகத்தைக் குவியலில் தேடி எடுப்பேன். முடிவை நானே படித்துக்கொண்டேன். எல்லாம் சப்பென்று இருந்தது.

அப்போதுதான் குற்றம் நடந்தது. பாய் கடை நாவல்களில் கடைசித் தாள்கள் மட்டும் காணாமல் போக ஆரம்பித்தன. திரும்பி வரும் புத்தகங்களை அவர் மூலையில் குவித்துவிடுவார், எது யார் கொடுத்தது என்று அவருக்கே தெரியாது. அவள் கொடுத்தபோது முழுசாகத்தான் இருந்ததாம்.

பாய் கொதித்துப் போனார். "கொலகாரன் யாருன்னே தெரியாத புக்கை எவன்மா எடுப்பான்? ஆள் சிக்கலேன்னா இனிமே மாத்திக்கிற பேச்சே கெடையாது."

எனக்கும் அவளுக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்தக் கடை ஒன்றுதான். உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"இன்னாடி சொல்ற!" என்று பதறினாள். "நீ லீவு போட்டுட்டு வா. நாமளே புடிக்கலாம் அவனை."

அந்த ஞாயிறு லீவு போட்டேன். முதல் சந்தேகம் எதிரே இருந்த பஜ்ஜிக் கடை மேல். பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாள்களை எண்ணெயோடு பிரித்துப் பார்த்தோம். யாரோ எழுதிய கணக்குப் பரீட்சைத்தாள்தான் கிடைத்தது, அதுவும் ஃபெயில். அடுத்தது, பாய் கடை பெஞ்சில் பேப்பர் படிக்கும் ஹார்பர் ரிட்டயர்டு பெரியவர். "மூஞ்சப் பாரு, எப்டி கம்முனு குந்திகினு கீறாரு. அவருதான்டி" என்றாள் இவள். மீன் மார்க்கெட் வரைக்கும் அவர் பின்னாலேயே போனோம். அவர் நெத்திலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நாங்கள் கருங்கல்லில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்கு என் கையில் இருந்த, கடைசித் தாள் போன கதையின் முடிவையும் பழைய மாதிரியே கண்ணை உருட்டிச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். கடைசித் தாளைப் பிய்த்தால் மற்ற தாள்களும் கழன்று வரவேண்டும். ஒன்றுகூடக் கழலவில்லை. முதுகோரத்தில் யாரோ ஊசி நூலால் தைத்திருந்தார்கள். நூல் முனையில் இருந்தது வலைக்காரர்கள் போடும் முடிச்சு. கிழிந்ததை அப்படியே விட்டுப்போக மனசு வராத கை, எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

நானும் பெரிய துப்பறியும் புலி! கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. என்னைப் பார்க்க அவ்வளவு ஏங்கியிருக்கிறாள்.

அடுத்த ஞாயிறும் லீவு போட்டு அவளைக் கருங்கல்லுக்குக் கூட்டிப்போனேன். "திருடனுக்கு வலை முடிச்சு போடத் தெரியும்டி" என்றேன்.

அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "முடிவு கைல இருந்தா நீ எங்க வரப்போற?" என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் பாய் கடைக் குவியலில் ஒரு விசித்திரமான புத்தகம் கிடந்தது. காணாமல் போன தாள்கள் மொத்தமும் ஒரே அட்டைக்குள், அதே முடிச்சால் தைக்கப்பட்டிருந்தன. "இன்னாமா இது, உள்ள முழுக்க கொலகாரனுங்களா கீறானுங்க" என்று பாய் சிரித்தார். யார் வைத்தது என்று கேட்கவில்லை. மாற்றிக்கொள்ளும் வழக்கமும் நிற்கவில்லை.

அவள்தான் போய்விட்டாள், குவைத்தில் ஆஸ்பத்திரி வேலைக்கு. போவதற்கு முன்னால் அவள் பாயிடம் விட்டுப்போன நாவலை எடுத்து வந்தேன். அதில் கடைசித் தாள் இல்லை. முதுகோரம் கெட்டியாகத் தைத்திருந்தது.

அந்தக் கதை போனிலேயே முழுசாகக் கிடைக்கிறது என்று யார்டில் ஒரு பெண் சொன்னாள். நான் தேடவில்லை. குவைத்திலிருந்து பேசும்போது அவளிடமும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. சில ஞாயிறுகளில் அந்தக் கருங்கல்லுக்குப் போய் முதல் பக்கத்திலிருந்து படிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு யார் மேலாவது சந்தேகம் வருகிறது. பக்கத்துக் கல் காலியாக இருக்கிறது. கொலைகாரன் யாராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அவள் வந்து சொல்லட்டும்.