பார்ப்பதற்கு மட்டும்

கூனிமேட்டுக் கபர்ஸ்தானில் பாய்க்கு மண் போட்டுவிட்டு மரக்காணம் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் மழையில் உப்பளப் பாத்திகள் வரப்பு தெரியாமல் மூழ்கிக் கிடந்தன. பஸ் வந்தது. கை காட்டவில்லை.

பாய் வளைகுடாவில் நெட்வொர்க் வேலை பார்த்துவிட்டு வந்து, இந்தக் கடற்கரை ஊர்களுக்கு இன்டர்நெட் கொடுத்தவர். நான் எட்டாவதோடு நின்றவன். ஓட்டல், மீன் லாரி, செங்கல் சூளை என்று சுற்றிவிட்டு அவரிடம் கம்பம் ஏற வந்தேன். ஊருக்கு ஒரு ரவுட்டர். அவை ஒன்றையொன்று வழி கேட்டுக்கொண்டிருக்காது. நடுவில் இருக்கும் ஒன்று எல்லோரிடமும் வழி கேட்டு எல்லோருக்கும் சொல்லும். ரூட் ரிஃப்ளெக்டர் என்பார் பாய். கிளியனூரில் அந்தப் பெட்டி ஒன்று இருந்தது. அது படுத்துவிட்டால் வேலை செய்ய மரக்காணத்தில் இன்னொன்று. எந்தெந்த ஊருக்கு வழி சொல்ல வேண்டும் என்பது அதற்குள் எழுதியிருக்கும். அதைப் பார்க்க மட்டும் எனக்கு ஒரு பாஸ்வேர்டு. மாற்றுகிற பாஸ்வேர்டு அவர் மனதோடு சரி.

"கோச்சிக்காதப்பா. நாளைக்கி எந்த லாரியில ஏறுவன்னு உனக்கே தெரியாது. பாரு, போதும்," என்றார். நியாயம்தான். என்னை நானே நம்பியதில்லை.

பாய் தூக்கத்திலேயே போய்விட்டார். விடியலில் ஷார்ஜாவிலிருக்கும் மகனுக்குச் செய்தி சொன்னதோடு செல்போன் டவரும் செத்துவிட்டது. அவனால் வர முடியாது. கிடத்தியிருந்த மையத்தைப் போட்டோ எடுக்கக் கூடாதென்ற பெரியவர்கள், மகன் வீடியோ காலில் நேராகப் பார்க்கட்டும் என்று அதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார்கள். வீட்டில் இன்டர்நெட்டும் இல்லை. மழையில் கிளியனூர் பெட்டி போயிருந்தது. "எதனா பண்ணுப்பா, புள்ள ஒரு வாட்டி பாத்துக்கட்டும்," என்றார் பாயின் மனைவி. உள்ளே போகாமல் வாசலோடு மரக்காணத்துக்கு ஓடினேன்.

அங்கே பெட்டி நன்றாகத்தான் இருந்தது. மற்ற ஊர்களில் லைன் ஓடியது. பார்க்கிற கட்டளையை அடித்தேன். ஊர்ப்பெயர்கள் வந்தன. பாயின் ஊரான கூனிமேடு இல்லை. சந்தாக்காரர்களுக்குப் புது ஒயர் இழுத்துவிட்டு, "நம்ம வூடுதானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தன் வீட்டுக்குப் பழைய ஒயரை விட்டிருந்த மனிதர். இதிலும் சொந்த ஊரைக் கடைசிக்கு வைத்திருக்கிறார். கடைசி வரவில்லை.

ஒரு வரி சேர்த்தால் போதும். அனுமதி இல்லை என்றது பெட்டி. மகன் பெயர், மனைவி பெயர், கடைப் பெயர் எல்லாம் பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்த்தேன்; எதற்கும் திறக்கவில்லை. திரும்பி வந்தபோது மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கிவிட்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து நடந்து அனுமந்தை தாண்டியதும் என் செல்போனுக்கு உயிர் வந்தது. மகன்தான். லைன் ஏன் வரவில்லை என்று கேட்டால் அவன் அத்தாவின் மறதியை எப்படிச் சொல்வது என்று தயங்கியபடி எடுத்தேன். அவன் அதைக் கேட்கவில்லை.

"அண்ணா, அத்தா மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

நானும் பார்த்திருக்கவில்லை. அன்று முழுக்க நான் பார்த்தது அந்தப் பெட்டியைத்தான்.

"தூங்குற மாதிரி இருந்தாருப்பா," என்றேன்.

அவன் லைனை வைக்கவில்லை. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே வெகுதூரம் நடந்தேன்.

மறுநாள் காலை உப்பளத்தில் மழைத்தண்ணீரை வடிக்க ஆள் எடுத்தார்கள். முன்னே எங்கே இருந்தாய் என்று மேஸ்திரி கேட்டார். ஒரு பாயிடம் என்றேன். வேறெதுவும் விசாரிக்காமல் மண்வெட்டியைக் கையில் கொடுத்தார்.

"எந்த வரப்பு சரின்னு படுதோ, வெட்டி வுடு," என்றார்.