பாலைக் கொட்டிய நர்ஸம்மா

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. கிரிஜாவை எனக்குப் பதினொரு வருஷமாகத் தெரியும். பாம்பைக் கண்டால்கூடக் கம்பு எங்கே என்று தேடுகிற பெண். அந்த ஐந்து நாட்களைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த காபி ஆறி ஆடை படிந்துவிட்டது.

1968 ஜனவரி. ஸ்டுட்கார்ட். அவள் கணவன் நடேசன் அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் கெட்ட பாலைக் குடித்துக் குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அதைத் தடுக்கச் சட்டம் கேட்டுப் போராடினார்கள் சிலர். ஏழைத் தெருக்களில் சுத்தமான பால் கொடுக்கும் நிலையங்களைத் திறந்தார்கள், வீடு வீடாக நர்ஸ்களை அனுப்பினார்கள். இதுதான் நடேசனின் ஆராய்ச்சி. அறுபது வருஷத்துக்கு முந்தைய பாலைப் பற்றி அத்தனை அக்கறையாக எழுதியவன், சொந்தக் குழந்தை குடிக்கிற பாலை ஒரு நாளாவது மோந்து பார்த்தானா என்றால், இல்லை. படித்த ஆண்பிள்ளைகள் அப்படித்தான்.

குழந்தை பாமாவுக்கு இரண்டு மாதம். தாய்ப்பால் போதவில்லை. மாவுப் பால் கரைத்துக் கொடுத்தும் எடை ஏறவில்லை. அடுத்த திங்கட்கிழமை வரை பார்ப்போம், இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளை பிழைக்குமா என்பதைத் தவிர கிரிஜாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

அவர்களுக்கு மாடியில் ஒரே அறை. கீழே வீட்டுக்காரி கோலர் அம்மாள், சமையலறை அவளுடையது. அவள் தம்பியின் பண்ணையிலிருந்து தினமும் கறந்த பால் வரும். இளைத்த குழந்தைக்கு நல்லது என்று மதியத்துக்கு ஒரு பாட்டில் இவர்களுக்கும் கொடுக்க ஆரம்பித்தாள். முதல் பால் வந்தது ஞாயிற்றுக்கிழமை, தைப் பொங்கலன்று. கிரிஜா ஆசையாக அதைப் பொங்கி வழிய விட்டாள். புது அடுப்பெல்லாம் கருகிவிட்டது. கோலர் அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இனிமேல் என் அடுப்பில் பால் கொதிக்கக் கூடாது. கொதித்தால் சத்தும் போய்விடும். லேசாகச் சூடு காட்டினால் போதும்."

காய்ச்சாத பாலைக் குழந்தைக்குக் கொடுப்பதா என்று கிரிஜாவுக்கு மனசு அடித்துக்கொண்டது. வாடகைக்கு இருக்கிறவர்கள் வாயைத் திறக்க முடியுமா? சரி என்றாள்.

மறுநாள் திங்கள். மதியம் 3.10. கதவில் இரண்டு தட்டு.

சாம்பல் நிற நீள அங்கி, வெள்ளைக் காலர், கையில் கறுப்புப் பை. வந்தவள் ஆங்கிலத்தில் பேசினாள். நகராட்சியிலிருந்து ஒரு நர்ஸ் வந்து பார்ப்பார் என்று பிரசவ ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஜெர்மன் மொழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கிரிஜாவுக்கு ஆங்கிலம் கேட்டதே பெரிய நிம்மதி. பெயர்கூடக் கேட்கவில்லை.

நர்ஸ் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பண்ணைப் பால் பாட்டிலை எடுத்தாள். மோந்தாள். அப்படியே அறை மூலையிலிருந்த கைகழுவும் தொட்டியில் கொட்டினாள்.

"இந்த வெயிலுக்குப் பால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மைனஸ் ஒன்பது.

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்று கிரிஜா விட்டுவிட்டாள். அறை வாசல் வரை போய், ஊர்ப் பழக்கத்தில் தமிழிலேயே "போயிட்டு வாங்க" என்றாள். நர்ஸ் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள்.

செவ்வாய். அதே 3.10. அதே இரண்டு தட்டு. பாலைக் கொட்டினாள். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. "காற்றே இல்லையே" என்று ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள். கிரிஜா ஓடிப்போய் மூடினாள். நர்ஸின் காலணியில் பனி ஒட்டியிருக்கவில்லை. காய்ந்த புழுதி...

புதனும் வந்து கொட்டிவிட்டுப் போனாள். அன்று மாலை கிரிஜா கோலர் அம்மாளிடம் கேட்டாள்.

"எந்த நர்ஸ்? மூன்று மணிக்கு வாசலைப் பூட்டிவிட்டுத்தானே நான் படுக்கிறேன்?"

வியாழன். நர்ஸ் பாலைக் கொட்டிவிட்டுப் போன பிறகு பாமா தினமும் அழுது அழுது தூங்கிவிடுவாள். மாவுப் பாலைக் கரைத்து வைத்தாலும் வாய் திறக்க மாட்டாள். அன்று எடை போட்டார்கள். நூற்று நாற்பது கிராம் குறைந்திருந்தது.

"என்னங்க, நகராட்சிக்கு போன் பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"என்ன சொன்னாங்க?"

"அவங்க இன்னும் யாரையுமே அனுப்பலையாம், கிரிஜா."

வெள்ளி. நடேசனுக்குப் பேராசிரியரைப் பார்த்தே ஆகவேண்டிய நாள். கிரிஜா அறைக்கதவைப் பூட்டினாள். சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

3.07. வீடு சத்தமில்லாமல் இருந்தது.

3.09. படிக்கட்டில்... டக்... டக்... டக்...

3.10. இரண்டு தட்டு.

கிரிஜா திறக்கவில்லை.

மறுபடி தட்டவில்லை. படி இறங்கும் சத்தமும் இல்லை.

முதுகில் சில்லென்று காற்று.

ஜன்னல் திறந்திருந்தது.

தொட்டில் பக்கத்தில் அவள்.

கையில் பாட்டில்.

கிரிஜாவுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. பாய்ந்து பாட்டிலைப் பிடுங்கினாள். "என் பிள்ளையைப் பட்டினி போட்டே கொல்லப் பாக்கறியா? இனிமே வராதே! இந்த வீட்டுப் பக்கமே வராதே!" வீட்டுக்கு வந்த ஒருவரை அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நர்ஸின் முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது. குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிரிஜா ஜன்னலை மூடிவிட்டுத் திரும்பினாள். யாரும் இல்லை. தரையில் நாலைந்து வியர்வைத் துளிகள். கதவு பூட்டியபடியே இருந்தது.

பாமா அந்தப் பாட்டிலை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். கிரிஜா சந்தோஷத்தில் அழுதாள்.

சனிக்கிழமை காலை 6.20-க்கு வாந்தி ஆரம்பித்தது. ஏழு மணிக்கு மலத்தில் ரத்தம். ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன பால் கொடுத்தீர்கள் என்பது. பண்ணையிலேயே அதே பாலைக் குடித்த இரண்டு குழந்தைகள் நோயில் படுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ஒன்பது நாள் பாமா உயிருக்குப் போராடினாள். பிழைத்தாள். அப்போதுதான் கிரிஜாவுக்கு உறைத்தது. மாவுப் பால் டப்பாவை அந்த நர்ஸ் ஒரு நாளும் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் காய்ச்சாத பண்ணைப் பாலில் ஒரு வாய்கூடக் குழந்தைக்குள் போகவிடவில்லை.

ஏப்ரல் மாதம் நடேசனின் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கிரிஜாதான் டைப் அடித்துக் கொடுத்தாள். கடைசியில் ஒரு பட்டியல். அமெரிக்கத் துறைமுக நகரம் ஒன்றில் இருந்த பால் நிலையத்தின் 1910-ஆம் வருஷ அறிக்கையிலிருந்து நடேசன் அவசர அவசரமாகக் கையால் நகல் எடுத்தது. அந்தக் கோடையில் ஒரு நர்ஸ் விஷக்காய்ச்சலில் இறந்துபோனாள், ஜூலை 8. ஆனால் அவள் பார்த்துவந்த தெருவில் இருபத்து மூன்று தாய்மார்கள், செப்டம்பர் வரை அவள் தினமும் 3.10-க்கு வந்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எழுத்தர் பிழை என்று நிர்வாகம் குறிப்பு எழுதியிருந்தது.

இருபத்திரண்டு வீடுகளில் குழந்தைகள் உயிரோடு இருந்தன.

இருபத்து மூன்றாவது வீட்டில் நர்ஸ் கடைசியாக வந்தது ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை. குழந்தை இறந்தது ஆகஸ்ட் 22. பக்கத்தில் அந்தத் தாய் சொன்னது ஒரு வரி: "பாலைக் கொட்டுகிறாளே என்ற கோபத்தில் இனி வராதே என்று சொல்லிவிட்டேன்."

கிரிஜா அந்த வரியையும் டைப் அடித்தாள். பிறகு எழுந்து போய், தூங்கிக்கொண்டிருந்த பாமாவின் மூக்கருகே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.