ஷார்ஜாவில் கட்டிய காப்பு

2024 மார்ச் 14: 25 டாலர். 94 திர்ஹம் 25 ஃபில்ஸ்.
ஏப்ரல் 14: 25 டாலர். 94 திர்ஹம் 25 ஃபில்ஸ்.
மே 15: 25 டாலர். 94 திர்ஹம் 25 ஃபில்ஸ்.
ஜூன் 14: 77 டாலர். 290 திர்ஹம் 29 ஃபில்ஸ்.
ஜூலை 15: 77 டாலர். 290 திர்ஹம் 29 ஃபில்ஸ்.
ஆகஸ்ட் 15: 77 டாலர். 290 திர்ஹம் 29 ஃபில்ஸ்.
மொத்தம் 306 டாலர். 1,153 திர்ஹம் 62 ஃபில்ஸ்.

இவை என் வங்கி அட்டை வழியாக அமெரிக்காவுக்குப் போன தொகைகள். பணம் வேலுச்சாமியுடையது. கம்பெனி தரும் சம்பள அட்டை பணம் வாங்கும் இணையதளத்தில் செல்லாததால் அவர் ரொக்கத்தை என் மேசையில் வைப்பார், நான் என் அட்டையில் கட்டுவேன். வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் கட்டிக் கொடுத்தேன்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் இரும்புச் சட்டங்கள் செய்யும் ஒரு பட்டறையில் வருகைப் பதிவு, விசா காகிதம், தபால் ஆகியவை என் பொறுப்பு. இங்கே அறைக்குக் கடிதம் வராது. எல்லோருடைய கடிதங்களும் கம்பெனியின் தபால் பெட்டிக்கே வரும். அதன் சாவி என்னிடம் இருக்கிறது.

வேலுச்சாமி 1978இல் திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 2007 ஜூனில் உதவியாளாக வந்து மூன்றே வருடத்தில் வெல்டர் ஆனார். பதினேழு வருடத்தில் உடம்பு சரியில்லை என்று அவர் வராத நாட்கள் பதினொன்று. ஊருக்குப் போன எட்டு விடுப்புகளையும் கூட்டினால் 412 நாள். மனைவி ஜோதிமணியோடு அவர் சேர்ந்து வாழ்ந்த காலம், கல்யாணமான முதல் சில வருடங்கள் போக, அவ்வளவுதான். ஒரே மகள் ரக்ஷிதா.

2023 டிசம்பரில் ஜோதிமணிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன என்று புதுக்கோட்டையில் சொன்னார்கள். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வேலுச்சாமி சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டார், வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டார், அறையில் கூட இருக்கும் அதிராம்பட்டினத்து டிரைவர் நிஜாம் மூலமாக நாகூருக்கும் நூறு திர்ஹம் அனுப்பினார். போனில் சிறுநீரகம் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் பாஸ்டர் வெண்டல் ப்ராக் கிடைத்தார். அமெரிக்காவின் தென்பகுதிக்காரர். வெள்ளைத் தலைமுடி, நீலக் கோட்டு. யாரோ அவருக்குத் தமிழ்க் குரல் கொடுத்திருந்தார்கள்.

நானும் சில உரைகளைக் கேட்டேன். பாதி வேதாகமம், பாதி தேர்தல். எந்த வேட்பாளரைக் கடவுள் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பது பாஸ்டருக்குத் தெரியும். எந்த மாநிலத்தில் எத்தனை ஓட்டு குறைகிறது என்பதுகூடத் தெரியும். கடவுள் தேர்ந்தெடுத்த ஆளுக்கு ஓட்டு எப்படிக் குறையும் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பணம் கேட்டார்.

நிஜாம் அறையில் சிரித்துக்கொண்டே இருப்பான். "நம்மூர்ல ஓட்டுக்குக் காசு குடுப்பாங்க. இந்த ஆளு வாங்குறாரே வேலண்ணே!"

"நீ சும்மா இருடா. பெரிய பெரிய டாக்டரெல்லாம் அவரு முன்னால மண்டி போடுறாங்க."

"அமெரிக்காவுல ஓட்டு எண்ணுனா அண்ணி கிட்னி எப்புடிண்ணே வேலை செய்யும்?"

"சாமி காரியம்டா. வயர் எங்கேருந்து எங்க போவுதுன்னு உனக்குத் தெரியுமா?"

பாஸ்டரிடமிருந்து வரும் கடிதங்களை நான்தான் மொழிபெயர்ப்பேன். ஒன்றில் எங்கள் வட்டார வாக்குச்சாவடியைக் கண்டுபிடிக்கும் வழி அச்சிட்டிருந்தது. தொழில்பேட்டை பத்தாம் பகுதிக்கு எந்தச் சாவடி என்று நிஜாம் ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 9ஆம் தேதி வந்த உறைக்குள் ஒரு துணிப்பட்டை இருந்தது. மணிக்கட்டில் கட்டுவது. அமெரிக்கக் கொடியின் கோடும் நட்சத்திரமும் போட்டது. 'தேர்தல் நாள் வரை இதைக் கழற்றாதீர்கள். அன்று உங்கள் வீட்டில் அடைபட்ட கதவுகள் திறக்கும்' என்று எழுதியிருந்தது. அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரித்துவிட்டு வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எழுதியிருப்பதை மாற்றிப் படித்து எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் காலை வேலுச்சாமி குளித்து, பட்டையில் மஞ்சள் தடவி, வலது கையில் கட்டிக்கொண்டார். கறியை நிறுத்தினார். கட்டிலை விட்டுத் தரையில் பாய் போட்டார். எனக்கு அப்போதும் புரியவில்லை. 17ஆம் தேதி துபாய் சைட்டுக்குப் போகிற வண்டியில் அவர் ஏறவில்லை என்று மலையாளி ஃபோர்மேன் மூசா அவரை என் மேசைக்கு இழுத்து வந்தபோதுதான் புரிந்தது.

"சாரே, இவன் துபாய்க்கு வரில்லான்னு சொல்லுது. எந்தா, துபாய் அமெரிக்காவிலயா?"

"காப்பு கட்டியிருக்கேன் பாய். எல்லை தாண்டக் கூடாது."

எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் காப்புக் கட்டியவர், அது அவிழும் வரை ஊர் எல்லையைத் தாண்டமாட்டார். வேலுச்சாமி காப்புக் கட்டியது ஷார்ஜாவில். ஆகவே அவருக்கு எல்லை ஷார்ஜா, பக்கத்துத் துபாய் வெளியூர். மூசா தலையில் அடித்துக்கொண்டு அவருக்குப் பட்டறைக்குள்ளேயே வேலை கொடுத்தார். நானும் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட முடியாது.

அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ரக்ஷிதா கூப்பிட்டாள். டயாலிசிஸ் நடக்கும்போது ஜோதிமணிக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது. வரவேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறகு ஜோதிமணியே பேசினார். வேலுச்சாமி போனை அறையில் இருந்த நிஜாமுக்கும் எனக்கும் கேட்கும்படி வைத்திருந்தார்.

"ஏங்க, ஒரு தடவ வந்துட்டுப் போங்களேன். கண்ணுக்குள்ளயே நிக்கிறீங்க."

"வந்துருவேன் புள்ள. அஞ்சாம் தேதி காப்பு அவுக்கணும். ஆறாம் தேதி அங்க நிப்பேன்."

"காப்பா? எனக்காகவா கட்டுனீங்க?"

"வேற யாருக்கு?"

"அப்ப வராதீங்க. பாதியில அவுத்துறாதீங்க, தெய்வக் குத்தமாயிரும். எனக்கு ஒண்ணும் ஆவாது. இருவத்தஞ்சு நாள்தானே."

மறுநாள் நான் மேலாளரிடம் வேலுச்சாமிக்கு அவசர விடுப்பு வாங்கினேன். 18ஆம் தேதி திருச்சி விமானத்துக்கு 640 திர்ஹம். என் பணத்தில் போடுகிறேன் என்றேன்.

"கடிதத்துல எல்லையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல வேலு. நான் நாலு தடவ படிச்சுட்டேன்."

"அவுங்க ஏன்யா எழுதப் போறாங்க? காப்புன்னா எல்லை இருக்குங்கறது பச்சப்புள்ளைக்கும் தெரியும்."

"அது அவங்க ஊர்ல வெறும் துணிப்பட்டைப்பா. எலெக்‌ஷனுக்குக் குடுக்கறது."

"துணிதான்யா. நம்மூர்ல கட்டுறது மட்டும் என்ன தங்கமா?"

நிஜாமும் கெஞ்சினான். அன்று முதல் அவன் கேலி செய்வதை நிறுத்தினான். அந்த அறையில் அது இன்னும் மோசமாக இருந்தது.

ஒரே வழிதான் தோன்றியது. பாஸ்டரே போகச் சொன்னால் வேலுச்சாமி போவார். அன்றே மின்னஞ்சல் எழுதினேன். ஒரு நிமிடத்தில் நன்றி வந்தது, கூடவே இன்னொரு 77 டாலர் கட்டுவதற்கான பொத்தானும். 14ஆம் தேதி பதிவுத் தபாலில் எழுதினேன். 'இவர் மனைவி மரணப்படுக்கையில் இருக்கிறார். பட்டையோடு பயணம் செய்யலாம் என்று ஒரு வரி எழுதுங்கள்.' அந்த வரியை நானே எழுதிப் பாஸ்டர் பெயரைப் போட்டிருக்கலாம். இரண்டு நாள் யோசித்தேன். செய்யவில்லை.

நவம்பர் 2, சனிக்கிழமை காலை 6.20க்கு ஜோதிமணி இறந்தார். தேர்தலுக்கு மூன்று நாள் இருந்தது.

சாவுத் தீட்டு வந்தால் காப்பு செல்லாது. வேலுச்சாமி பட்டறைக் கத்தரியால் பட்டையை வெட்டி என் மேசையில் வைத்தார். "இனிமே எல்லை இல்லைங்கய்யா" என்றார். அன்று மாலை விமானத்தில் இடம் கிடைத்தது. கட்டணம் 1,085 திர்ஹம். குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். ஞாயிறு காலை பார்த்தார்.

ஆறாம் தேதி பாஸ்டரின் வேட்பாளர் ஜெயித்த செய்தி வந்தது. என் மின்னஞ்சலுக்கு வாழ்த்தும் வந்தது. வேலுச்சாமியின் வீட்டுக் கதவுகள் திறந்துவிட்டதாக அதில் இருந்தது. அழித்துவிட்டேன்.

டிசம்பர் 1ஆம் தேதி வேலுச்சாமி திரும்பிவந்தார். மொட்டைத் தலை. துபாய் சைட்டுக்கு அனுப்பினால் போகிறார். பாஸ்டரைப் பற்றிக் குறைவாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்று நாள் தாங்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நம்புகிறார். அதை மறுத்தால் அவருக்கு வேறு எதைக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பதிவுத் தபாலுக்கு அதற்குப் பிறகு பதில் வந்தது. பாஸ்டரின் அலுவலகத்தில் உதவிக்கு இருக்கும் ஒரு பெண்மணி கையால் எழுதியிருந்தார். 'ஐயா, அது நினைவுப் பொருள் மட்டுமே. எந்தத் தடையும் கிடையாது. உடனே அவரை மனைவியிடம் போகச் சொல்லுங்கள். நானும் ஜெபிக்கிறேன்.' நல்ல கையெழுத்து. வேலுச்சாமியிடம் இன்னும் காட்டவில்லை. தபால் பதிவேட்டில் வரிசை எண் போட்டு, அனுப்பியவர் பெயர் எழுதி, வந்த தேதியையும் குறித்தேன்: 2024 டிசம்பர் 9.