மர்டீனா எரிக்கப் போன அடமானப் பத்திரம்

மர்டீனா என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் ஓரகத்தி வாயிலிருந்து. "சிவப்பு ஆங்கஸ் மகள் மர்டீனா தனியாளா வீடு வாங்கிட்டாளாம்!" என்றாள். எங்கள் கிளேஸ் பே என்ற கடலோர ஊரில் அப்பன் பெயரைச் சேர்க்காமல் சொன்னால் ஆள் யாரென்று தெரியாது. மர்டீனா மக்லீன்களே மூன்று பேர் இருந்தார்கள். இவள் தாய் ஃப்ளோரா என் மாமியாருக்குச் சித்தி மகள். அந்த வழியில் இவள் எனக்கு நாத்தனார்.

மீன் ஆலையில் கைவிரல் விறைக்க நின்று சம்பாதித்தாள். வங்கிக்காரர் "ஐந்து வருட அடமானம்" என்று சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, ஐந்தாம் வருடம் வீடு தன்னுடையது என்று இருந்துவிட்டாள். 'வாடகை மாதிரிதானே கட்டுகிறோம், வீடு மலிவாகக் கிடைத்துவிட்டது' என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் பக்கம் வீட்டுக் கடன் தீர்ந்தால் பத்திரத்தை அடுப்பில் போட்டு எரித்து, உறவுக்கெல்லாம் சாப்பாடு போடுவார்கள். ஐந்து வருடம் முடிந்ததென்று மர்டீனாவும் எல்லாரையும் அழைத்தாள். அதோடு நிற்காமல், இடுப்பு வலி தாங்கவில்லை, வெள்ளிக்கிழமையோடு வேலையை விடுகிறேன் என்று மேஸ்திரி ரோரியிடம் சொல்லியும் விட்டாள்.

சனிக்கிழமை விருந்தன்று சமையலறையில் நிற்க இடமில்லை. ரோரிதான் ஃபிடில் வாசித்தான். மர்டீனா பத்திரத்தோடு அடுப்புக் கதவைத் திறந்தாள். வங்கியில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் மகள் எஃபி, வாய் நிறைய ஓட்ஸ் ரொட்டியோடு கேட்டாள்:

"அத்தை, வர்ற வெள்ளிக்கிழமை புதுப்பிக்க வர்றீங்கல்ல?"

"எதைடி?"

"கடனைத்தான். புது வட்டிக்குக் கையெழுத்துப் போடணுமே."

"அஞ்சு வருஷம் முடிஞ்சுபோச்சேடி!"

"ஐயோ அத்தை! வட்டி மாறாதுன்னு பேசினதுதான் அஞ்சு வருஷம். கடன் தீர மொத்தம் இருபத்தஞ்சு. இன்னும் இருபது கிடக்கு."

"அப்ப நான் கட்டினதெல்லாம்?"

"முக்கால்வாசி வட்டிக்கே போயிருக்கும். அசல் கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு."

ஃபிடில் நின்றது. என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "மர்டீனா, இந்தச் சூப்பாவது உன்னுதா, இல்ல இதுவும் வங்கியோடதா?" என்றார். வீடே அதிரச் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. சம்பளம் நின்றால் தவணை நிற்கும், தவணை நின்றால் வீடு போகும். ரோரியைத்தான் பார்த்தாள்.

"ரோரி, நான் வேலைய விடறத மேல சொல்லிட்டியா?"

"எதைச் சொல்ல? அந்த மெஷின் சத்தத்துல எனக்கு எப்ப காது கேட்டிருக்கு? திங்கக்கிழமை நேரத்துக்கு வந்து சேரு தாயி!" என்று மறுபடி வாசிக்க ஃபிடில் வில்லைத் தூக்கினான்.

மர்டீனா பத்திரத்தை உள்ளே போடாமலே அடுப்புக் கதவைக் காலால் சாத்திவிட்டு ஆட வந்தாள். இடுப்பு வலி எங்கே போனதோ!

அடுத்த வெள்ளிக்கிழமை வங்கியில் வட்டியை விடாப்பிடியாகப் பேசிக் குறைத்தாள். மாதம் ஒரு தவணை கட்டியவள், எஃபி பேச்சைக் கேட்டு இரண்டு வாரத்துக்கொரு முறை பாதித் தவணையாகக் கட்டினாள். அப்படிக் கட்டினால் வருடத்துக்கு இருபத்தாறு பாதி, அதாவது பன்னிரண்டுக்குப் பதில் பதின்மூன்று தவணை; ஒரு மாதத் தவணை கூடுதலாக உள்ளே போகும், அத்தனையும் அசலில் கழியும். 'அஞ்சு வருஷ மர்டீனா' என்ற பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பாள்.

கடன் கெடுவுக்கு முன்பே தீர்ந்தது. இப்போது அவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். கீழறையை எஃபியின் மகனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள்.