அக்கா கேட்ட மூலை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். அதற்கு முன் நான் செய்த கெட்டது ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா பிறந்தது பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்து வீட்டில். உடுமலைப்பேட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். இருபத்திரண்டு வயதில் வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்தார். வந்த மறுநாளே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். எப்போது அழுதாரோ, நான் பார்த்ததில்லை.

எதையும் 'இது இப்படித்தான்' என்று விட்டுவிடுகிற குணம் அவருக்குக் கிடையாது. மழை பொய்த்த ஒரு வருஷம் மேட்டுக்காட்டுச் சோளம் முழுக்கக் கருகியது. காய்ந்த சோளத்தட்டை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் பாறையோரம் நின்று, மணி பிடித்திருந்த ஏழெட்டுக் கதிர்களைத் தனியே கிள்ளினார்.

"மத்ததெல்லாம் காஞ்சுபோச்சு, இது மட்டும் எப்படித் தம்பி நின்னுது?"

"என்னமோ நின்னுதுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு நான் அறுப்பைப் பார்த்தேன்.

அடுத்த வருஷம் அவற்றைத் தனியே விதைத்து, நன்றாக வந்ததை மட்டும் எடுத்து, மறுபடி விதைத்தார். துணி விற்க வரும் ராவுத்தரிடம் சொல்லிவைத்து, அவர் சுற்றும் ஊர்களிலிருந்தும் கதிர் வாங்கினார். "சேலையே எடுக்காத ஊட்டுக்கு நான் சோளம் சொமந்துக்கிட்டு வாரேனுங்க அம்மணி" என்று அவர் கேலி பேசுவார். வகைக்கு ஒரு நிறத் துணிக்கிழிசலாகக் கட்டி, சமையல்கட்டுப் பரணில் கதிர்களைத் தொங்கவிட்டிருந்தார் அக்கா. விதைத்த காட்டிலும் வரிசைக்கு வரிசை அதே துணியைக் குச்சியில் கட்டிவைப்பார்.

மூன்றாம் வருஷம் எனக்குப் பெண் பேசி, பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாக இருந்தது. எந்தச் சாமானும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்கிற ஆள் நான். அக்கா களத்துக்குப் போன நேரம் பரணில் ஏறினேன். தொங்கிய கதிர்களையெல்லாம் அவிழ்த்து, உதிர்த்து, ஒரே மண்மொடாவில் கொட்டிச் சாம்பல் கலந்து மூடினேன். கந்தலை அடுப்பில் போட்டேன். விதையைப் பத்திரப்படுத்திவிட்டோம் என்று பெருமை வேறு.

அக்கா வந்து மொடாவுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். எது எந்த வகை என்று இனிப் பிரிக்க வழியில்லை. திரும்ப அதிலேயே விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. அம்மாதான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தத் துணியெல்லாம் அவ கலியாணத்துக்கு எடுத்த சேலைடா. இனி உடுத்த முடியாதுன்னு கிழிச்சுக் கட்டியிருந்தா." எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

மறுநாள் அவர் முன்னால் போய் நின்றேன். "உன்ர மேல கோவமில்லீன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "அது நேத்தோட போச்சு. எனக்கு ஒரு மூலை மட்டும் உட்டுப்போடு கண்ணு. பாறையோரம் போதும். அதுல எது கெட்டாலும் நாந்தான் கெடுக்கோணும்."

அதன்பின் அந்த மூலையில் என் ஏர் இறங்கவில்லை. அக்கா பெட்டியிலிருந்து மிச்சச் சேலைகளை எடுத்துக் கிழித்தார். முதலிலிருந்து தொடங்கினார். விதைத்ததில் பாதி கெட்டது. ஒரு வருஷம் எல்லாமே கெட்டது. பங்காளி ஒருவர் வரப்பில் நின்று, "ஏனுங்க, உங்க அக்கா காட்டுல வெளையாடறாங்களா?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆமாங்க, வெளையாட்டுத்தானுங்க" என்று அக்காவே பதில் சொல்லிவிட்டுக் களையெடுத்தார்.

கோயமுத்தூரில் ஆலைகளையும் மின்சார விளக்கையும் பார்த்துவிட்டு வந்து, புதிதாக யோசிப்பதெல்லாம் அங்கே இருப்பவர்கள் வேலை என்று நினைத்தவன் நான். அக்கா மூன்று வகைச் சோளத்தில் மூன்று உருண்டை களி கிண்டி என் வட்டிலில் வைத்து, எது வழுவழுப்பு என்பார். எல்லாம் ஒன்றுதான் என்றால் விடமாட்டார். "வாயில வெச்சுப்போட்டு யோசிச்சுச் சொல்லு." அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கும் என் மனைவிக்கும் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. மனதில் புதிதாக ஒன்று தோன்றி வளரப் பெரிய வசதி வேண்டாம். கெடுத்துப் பார்க்க ஒரு மூலையும், அதைத் திருத்த வராத உடன்பிறப்பும் இருந்தால் போதும். இதை நான் புரிந்துகொள்ள அத்தனை வருஷம் ஆயிற்று.

சென்ற ஆண்டு சித்திரை மழைக்கு விதைத்துவிட்டு வந்தவர் காய்ச்சலில் படுத்தார். ஏழாம் நாள் காலை கண் திறந்து, "மொளைச்சிருச்சா?" என்றார்.

"மொளைச்சிருச்சுங்க அக்கா."

"போய்ப் பாத்தியா, சும்மா சொல்றியா?"

நான் பார்க்கவில்லை. அப்போதுதான் ஓடினேன். குனிந்து வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்: "செவப்புத்துணியில நல்லா வந்திருக்குது. மஞ்சத்துணியில ஒண்ணுமில்லீங்க."

அக்காவின் முகம் தெளிந்தது. "மஞ்சளுக்கு என்னமோ ஆயிருக்குது. என்னன்னு பாரு" என்றார். மறுநாள் போய்விட்டார்.

வெயிலில் வண்டி கட்டிக்கொண்டு மூன்று முறை வந்து பார்த்த பல்லடத்து வைத்தியருக்கும், கூடவே இருந்து பார்த்துக்கொண்ட பக்கத்துத் தோட்டத்துப் பெண்களுக்கும், செய்தி கேட்டு வாசலில் நின்று கண் கலங்கிய ராவுத்தருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

இந்த மலரோடு ஒரு சிறு பொட்டணம் கொடுத்திருக்கிறோம். அக்காவின் சிவப்புச் சேலைக் கிழிசலால் கட்டியிருக்கும். உள்ளே அந்த வரிசைச் சோளம் ஒரு பிடி. உங்கள் காட்டில் யாரும் கை வைக்காத ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள். கெட்டாலும் பாதகமில்லை, ஏன் கெட்டது என்று மட்டும் எனக்குச் சொல்லியனுப்புங்கள். வேறு விதையோடு கலந்துவிடாதீர்கள். அதை நான் ஒருவன் செய்தது போதும்.